கதவை யார் பூட்டுவது

என் மகள் லுஜைனைப் பெண் கேட்டு வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்து வெகுநேரம் ஆகியும் ஒருவரும் காபியைத் தொடவில்லை. முதலில் தொடாமல் இருப்பது வழக்கம்தான். பெண் கேட்டு வரும் ஆண்கள் முன்னால் காபியை வைப்போம். "கேட்டதைக் கொடுத்தால்தான் குடிப்போம்" என்று அவர்கள் கோப்பையை நகர்த்தி வைப்பார்கள். "கொடுத்தோம், குடியுங்கள்" என்று நம் பக்கத்து மூத்தவர் சொல்வார். குடிப்பார்கள், ஃபாத்திஹா ஓதுவார்கள், இனிப்புத் தட்டைத் திறப்பார்கள். எல்லாம் இரண்டு வீட்டாரும் முன்பே பேசி முடித்த விஷயம்தான். சூடு குறைவதற்குள் முடிந்துவிடும்.

அன்றைக்குக் காபி ஆறிப்போனதற்குக் காரணம் என் கணவரின் அண்ணன் அபூ யஸன்.

அவர் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். குடும்பத்தில் மூத்தவர் என்பதால் எங்கள் பக்கம் அவர்தான் பேச வேண்டும். சொல்ல வேண்டியது இரண்டே வார்த்தை. அதற்காக முடி வெட்டிக்கொண்டு, கோட்டும் இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஆனால் நிபந்தனை எதுவும் போடாமல் கொடுத்தால், தள்ளிவிட்டால் போதும் என்று கொடுத்துவிட்டார்கள் என ஊர் பேசும் என்பது அவர் எண்ணம். அதனால் யாரையும் கேட்காமல் சபையிலேயே ஒன்றைப் போட்டுவிட்டார்.

"குடுக்கறோம் ஹாஜி. ஆனா ஒண்ணே ஒண்ணு. ரஷ்யாக்காரன் தளத்து வாசலுக்கு ஓடிப் போய்ச் சேர்ற தூரத்துலதான் அவங்க குடித்தனம் வைக்கணும்."

மாப்பிள்ளையின் தாய்மாமன் ஹாஜி மர்வான் கோப்பையை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார். பிறகு கேட்டார்.

"ஓடறதுன்னா, யார்கிட்டேயிருந்து ஓடறதுக்கு?"

பதில் எல்லோருக்கும் தெரியும். நாங்கள் கடற்கரையில் ஜப்லே பக்கத்து அலவிகள், பழைய அதிபரின் பிரிவு. அவர்கள் மலைக்கு அந்தப் பக்கம் சராகிப்பிலிருந்து வந்த சுன்னிகள். போன குளிர்காலத்தில் பழைய அரசாங்கம் விழுந்து அவர்கள் பக்கத்து ஆட்கள் ஆட்சிக்கு வந்தார்கள். வசந்த காலத்தில் ஆயுதம் வைத்திருந்தவர்கள் எங்கள் ஊர்களுக்குள் நுழைந்து வீடு வீடாகத் தட்டினார்கள். ரஷ்யர்களின் விமானத் தளம் எங்கள் தக்காளிப் பந்தலுக்குப் பின்னால் இருக்கிறது. ஓட முடிந்தவர்கள் அதன் வாசலுக்கு ஓடினோம். வாசலைத் திறந்தார்கள். தூரத்து ஊர்க்காரர்களுக்கு ஓட வாசல் இல்லை.

அபூ யஸன் அப்படிச் சொன்னபோது என் மனசின் ஒரு மூலையில் நிம்மதியாக இருந்தது. மாப்பிள்ளை குதைபா மின்சார இலாகாவில் கம்பி இழுக்கும் வேலையில் இருக்கிறான். எங்கள் பக்கத்துக் கம்பிகளைச் சரிசெய்ய வந்தவனுக்கு, அந்த வேலை முடிந்து, சொந்த ஊருக்கே மாற்றல் வந்திருந்தது. கல்யாணம் ஆனதும் லுஜைன் அவனோடு மலைக்கு அந்தப் பக்கம் போய்விடுவாள். அதற்கும் நாங்கள் சம்மதித்திருந்தோம். சம்மதித்த நாளிலிருந்து நான் சரியாகத் தூங்கவில்லை.

பெண் கேட்டு வரும்போது பெண்கள் கூட வருவது வழக்கமில்லை. ஆனாலும் குதைபாவின் தாய் வந்திருந்தாள். ஆண்கள் கூடத்தில் இருக்க, நாங்கள் இருவரும் சமையலறையில் இருந்தோம். நடுவில் ஒரு திரைதான். உம்மு உபைதா என்று அவளைக் கூப்பிட வேண்டும். மூத்த மகனின் பெயரை வைத்துத்தானே தாயை அழைக்கிறோம். உபைதா குண்டுவீச்சில் இறந்தவன். அவளைக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் என் நாக்கு அந்தப் பையனின் பெயரைச் சொல்ல வேண்டியிருந்தது.

"நீங்களாவது ஏதாவது சாப்பிடுங்க உம்மு உபைதா. மாத்தே டீ போடட்டுமா? காபிக்குத்தானே சட்டம்."

"எங்க அண்ணன் குடிக்காம நான் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன். வீம்புன்னு நினைக்காதீங்க."

"வீம்புன்னுதான் நினைக்கறேன்" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "இன்னும் சம்பந்தி ஆகலை, அதுக்குள்ள பேச்சைப் பாரு."

கூடத்தில் ஹாஜியின் குரல் ஏறியது.

"வாத்தியாரே, அந்த ரஷ்யாக்காரனைக் கூப்பிட்டது பழைய ஆளு. கூப்பிட்டவனே வீட்டை விட்டு ஓடிட்டான். இப்போ வீட்டுக்குப் புதுசா ஒருத்தர் வந்தாச்சு. பழைய விருந்தாளி இன்னும் சோபாவுல காலை நீட்டிட்டு உக்காந்திருந்தா, அதுக்குப் பேரு என்ன?"

"விருந்தாளி போகட்டும் ஹாஜி. நான் வேண்டாம்னு சொல்லலை. அவன் எழுந்து போன ராத்திரி கதவை யாரு பூட்டறது? அதைச் சொல்லிட்டு அனுப்புங்க."

"அரசாங்கம் பூட்டும்."

"வசந்த காலத்துல பூட்டிச்சா?"

என் கணவர் தொண்டையைச் செருமினார். அவர் சண்டைக்காரர் இல்லை. சர்க்கரை வியாதிக்காரர், குரல் உயரும் இடத்தில் நிற்க மாட்டார்.

"அண்ணே, இதெல்லாம் டிவிக்காரங்க பேசிக்கட்டும். நாம பொண்ணு விஷயத்தைப் பேசுவோம்."

"நான் பொண்ணு விஷயத்தைத்தான் பேசறேன் கதீர்" என்றார் அபூ யஸன்.

"எப்படியும் அவங்க போகப் போறாங்க" என்றார் ஹாஜி. "துறைமுகத்துல கப்பல்ல சாமான் ஏத்தறாங்கன்னு கேள்வி. உங்களுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். தக்காளி வாங்க ஆள் இருக்காதில்ல?"

"நாங்க தக்காளி வித்தோம். குண்டு விக்கலை."

"அதைச் சுமந்துட்டுக் கிளம்பினது எங்கேயிருந்து? உங்க பந்தலுக்குப் பின்னாலயிருந்து. எங்க வீடு இடிஞ்சது அதுலதான். அந்த வாசலுக்குப் பக்கத்துல எங்க வீட்டுப் பையன் குடித்தனம் வைக்கணுமா? எங்ககிட்டயிருந்து ஓடறதுக்கு வசதியாவா? எங்களை ஓநாய்னு நினைச்சா, எதுக்குப் பொண்ணு குடுக்கறீங்க?"

பின்கட்டு அறையில் புது உடுப்போடு உட்கார்ந்திருந்த லுஜைன் சமையலறைக்கு வந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறவள், அழ மாட்டாள், ஆனால் உதடு வெளுத்துப் போயிருந்தது.

"அம்மா, பெரியப்பா கையில ஒரு உலகப் படத்தைக் குடுத்து எங்கேயாவது உட்கார வையுங்க. என் கல்யாணத்துல எதுக்கு அவரு படை நடத்தறாரு?"

"பெரியவங்க பேசறாங்க. சும்மா இரு."

"நான் எவ்வளவு தூரம் ஓடுவேன்னு என்கிட்ட யாராவது கேட்டீங்களா?"

உம்மு உபைதா அவள் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

இனி என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. சபையில் மூத்தவர் போட்ட நிபந்தனையைத் தம்பி எடுக்க முடியாது. எடுத்தால் அண்ணனுக்கு அதோடு மரியாதை போச்சு. ஹாஜியும் அதை ஏற்க மாட்டார். ஏற்றால் தாங்கள் ஓநாய்கள் என்று ஒப்புக்கொண்ட மாதிரி. அவர்கள் எழுந்து, காபியை அப்படியே விட்டுவிட்டு வாசற்படி தாண்டினால் அவ்வளவுதான். குடிக்காத காபியை விட்டுப் போன வீட்டுக்குத் திரும்பி வருகிறவர்கள் கிடையாது.

திரையின் ஓரமாகப் பார்த்தேன். குதைபா கடைசி நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தான். மாப்பிள்ளை அந்தச் சபையில் வாய் திறக்கக் கூடாது. அவன் காது மட்டும் சிவந்திருந்தது.

அவனை எனக்கு முதலில் தெரிந்தது லுஜைன் பள்ளிக்கூடத்துக்கு விளக்கு வரவைத்த பையனாக. சரியாகத் தெரிந்தது வசந்த காலத்தில்தான். தளத்துக்குள் சிமெண்டுத் தரையில் கூட்டமாகப் படுத்துக் கிடந்தோம். ஓடும்போது என் கணவரின் இன்சுலின் வீட்டிலேயே தங்கிவிட்டது. குதைபா இலாகா வண்டியில் சோதனைச் சாவடிகளைத் தாண்டி, மருந்தைப் பனிக்கட்டியில் வைத்துக்கொண்டு தளத்து வாசலுக்கு வந்தான். தீரத் தீர வந்தான். அவன் அண்ணன் எந்த விமானத்தால் செத்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு, அந்த வாசலில் நின்றபோது என்ன நினைத்தாய் என்று அவனைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"எழுந்திருங்கப்பா" என்றார் ஹாஜி தன் ஆட்களிடம். நாற்காலிகள் தரையில் உரசின.

அந்த நேரத்தில்தான் விமானம் கிளம்பியது.

சாமான் ஏற்றும் பெரிய விமானம். எங்களுக்குப் பழக்கம். முதலில் பந்தலின் பிளாஸ்டிக் படபடக்கும், அப்புறம் அலமாரியில் கண்ணாடி டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும், கடைசியில் கூரைக்கு மேலே சத்தம் போகும். நான் டம்ளர்களைப் பிடிக்கக் கை நீட்டினேன். திரும்பினால் உம்மு உபைதாவைக் காணவில்லை.

குளிர்பதனப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் அவள் குந்தியிருந்தாள். லுஜைனையும் இழுத்துத் தன் உடம்புக்குக் கீழே அமுக்கி வைத்திருந்தாள். இரண்டு கையும் என் பெண்ணின் தலைமேல். வாய் அகலத் திறந்திருந்தது. மூச்சு அடைக்கிறது என்று நினைத்து நான் ஓடினேன். பிறகுதான் புரிந்தது. குண்டு விழும்போது காது கிழியாமல் இருக்க வாயைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்குக்கூட அது தெரியும்.

சத்தம் கடலைத் தாண்டிப் போனது. அவள் வாயை மூடினாள். லுஜைனின் தலையிலிருந்து கையை எடுக்க இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது.

"தப்பா நினைக்காதீங்க" என்றாள். உதடு ஒட்டவில்லை. "உடம்பு அதுபாட்டுக்குப் போயிடுது."

"குடிங்க" என்று கைக்குக் கிடைத்ததை எடுத்து நீட்டினேன். வாங்கி ஒரே மடக்கில் குடித்தாள். நான் இன்னொரு தரம் ஊற்றிக் கொடுத்தேன். அதையும் குடித்தாள்.

"எங்க ஊர்ல ரேடியோவுல ஒருத்தர் சொல்லிட்டே இருப்பாரு" என்றாள் மெல்ல. "'ஜப்லேயிலிருந்து கிளம்பிடுச்சு'ன்னு. அடுப்புல ரொட்டியைப் போட்டு எடுக்கற நேரம் இருக்கும் எங்களுக்கு. அதுக்குள்ள பிள்ளைங்களைத் தேடிப் பிடிக்கணும். உபைதா அன்னிக்குத் தோட்டத்துல இருந்தான். கூப்பிட்டேன். கேக்கலை."

அந்த நேரத்திலெல்லாம் நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டு இருந்திருப்பேன். சத்தம் அதிகமாக இருக்கிறதென்று காதைப் பொத்திக்கொண்டிருப்பேன். வேறு ஒன்றும் நினைத்ததில்லை.

"உம்மு உபைதா" என்றேன். "உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். இப்போ அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்கு ராத்திரி தூக்கம் வருது. கேக்கலைன்னா எழுந்து போய்த் தாழ்ப்பாளைப் பார்க்கறேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"அவங்க போகணும்னு நான் தினமும் தொழுதுட்டுக் கேக்கறேன்" என்றாள். "நீங்க என்ன கேக்கறீங்க?"

"நானும் போகட்டும்னுதான். அந்நியன் காவல்ல எத்தனை நாளைக்குப் படுக்கறது? ஆனா இன்னிக்கு வேண்டாம், இன்னிக்கு வேண்டாம்னு தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கேன்."

அவள் தலையை ஆட்டினாள். கையிலிருந்த கோப்பை அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. அடியில் காபித் தூள்.

"இது என்ன?"

"காபி."

"அந்தக் காபியா?"

நானும் அப்போதுதான் உணர்ந்தேன். கூடத்துக்குப் போன அதே பாத்திரத்துக் காபிதான். நான்தான் ஊற்றினேன். பெண் வீட்டுக்காரி தன் கையால் கொடுத்திருக்கிறேன், பிள்ளை வீட்டுக்காரி வாங்கிக் குடித்திருக்கிறாள்.

லுஜைன் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். வாசல் பக்கம் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. உம்மு உபைதா சுவரைப் பிடித்து எழுந்தாள். தலைத்துணியைச் சரிசெய்தாள். திரையை விலக்கிக்கொண்டு நேரே ஆண்கள் நடுவில் போய் நின்றாள். எங்கள் ஊரிலும் அப்படி நடந்ததில்லை, அவர்கள் ஊரிலும் நடந்திருக்காது.

"அண்ணா, செருப்பைக் கழட்டுங்க" என்றாள்.

"நீ வண்டியில போய் ஏறு" என்றார் ஹாஜி.

"எப்படி ஏறறது? நான் குடிச்சுட்டேன்." கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினாள். "ரெண்டு தரம்."

ஹாஜியின் முகத்தைப் பார்க்க வேண்டும். வழக்கம், மரியாதை என்று வாழ்நாளெல்லாம் ஊருக்குப் பஞ்சாயத்துச் சொன்ன மனிதர். "யாரு குடுத்தா உனக்கு?"

"பொண்ணோட அம்மா. தன் கையால. அவங்க குடுத்தாச்சு, நான் குடிச்சாச்சு. இனிமே நீங்க குடிக்காம போனா, தங்கச்சியை மட்டும் இங்க விட்டுட்டுப் போகணும்."

"பொம்பளைங்க குடிச்ச காபி கணக்குல வருமா?" என்று அபூ யஸன் இழுத்தார்.

என் கணவர் எழுந்தார். "என் வீட்டுக் காபி அண்ணே. வரும்."

"அப்போ என் நிபந்தனை?"

அதற்கு உம்மு உபைதாதான் பதில் சொன்னாள். குரலை உயர்த்தாமல், பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரி பேசினாள்.

"நீங்க கேட்டதுல தப்பில்லைங்க அண்ணே. நீங்க பார்த்ததைப் பார்த்தவங்க வேற என்ன கேப்பாங்க? ஆனா அந்த வாசல் நாளைக்கு இருக்குமோ இருக்காதோ, அது உங்க கையிலயும் இல்லை, எங்க கையிலயும் இல்லை. அதை நம்பிப் பொண்ணுக்கு வீடு பார்க்க வேண்டாம். பொண்ணு என் வீட்டுல இருப்பா. யாராவது கதவைத் தட்டினா நான் போய்த் திறப்பேன். என்னைத் தாண்டித்தான் அவகிட்ட வரணும்."

அபூ யஸன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் விடவில்லை.

"இன்னும் முடிக்கலை. அவங்க தளத்தைக் காலி பண்ணிப் போற அன்னிக்கு நான் இங்க வரேன். இப்போ என்னால இங்க ஒரு ராத்திரி தங்க முடியாது, எனக்கு என்ன ஆகுதுன்னு இவங்க பார்த்தாங்க. ஆனா போற அன்னிக்கு வந்து இந்த வாசல் அறையில படுக்கறேன். உங்களுக்குப் பயம் விடற வரைக்கும் படுக்கறேன். கதவை யாரு பூட்டறதுன்னு கேட்டீங்கல்ல? நான் பூட்டறேன்."

அபூ யஸன் இரவல் கோட்டின் பித்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். இத்தனை வருஷம் பையன்களை அதட்டியே பேசிய மனிதர் ஹாஜி பக்கம் திரும்பி, அதட்டாமல் சொன்னார்.

"குடுத்தோம் ஹாஜி. குடிங்க."

ஹாஜி மர்வான் செருப்பைக் கழற்றினார். உட்கார்ந்தார். கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இதைக் குடிக்கறதுக்கு அந்த விமானத்துலயே ஏறிப் போயிருக்கலாம்."

ஃபாத்திஹா ஓதினார்கள். இனிப்புத் தட்டு திறந்தது. குதைபா அப்போதுதான் தலை நிமிர்ந்தான். திரைக்குப் பின்னால் லுஜைன் முதல்முறையாக மூக்கை உறிஞ்சினாள். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

அதன் பிறகு பெரியவர்கள் திருந்திவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். சூடான காபி இரண்டாம் முறை போனபோது ஹாஜியும் அபூ யஸனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மறுபடியும் அதே பேச்சைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். ரஷ்யாக்காரன் இந்த மாசமே போகணும் என்றார் ஒருவர். முதல்ல எங்க ஊருக்கு ஒழுங்கான காவல் நிலையம் வரட்டும், அதுல எங்க பையன்களும் இருக்கட்டும், அப்புறம் போகட்டும் என்றார் மற்றவர். நடுநடுவே ஒருவர் தட்டிலிருந்து மற்றவருக்குப் பேரீச்சம்பழம் வைத்த மஅமூல் பலகாரம் எடுத்துக் கொடுத்துக்கொண்டார்கள்.

கிளம்பும்போது உம்மு உபைதா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"நான் ஒரு வார்த்தை குடுத்திருக்கேன். நீங்களும் ஒண்ணு குடுக்கணும். வெள்ளிக்கிழமை எங்க வீட்டுக்கு வாங்க. பொண்ணு இருக்கப் போற இடத்தை நீங்க பார்க்கணும். பாதி வீடு புதுச் செங்கல், பாதி பழசு. சமையல்கட்டு நல்லா இருக்கும்."

மலையைத் தாண்டிப் போகும் சாலையில் நான் போய்ப் பல வருஷம் ஆகிறது. யுத்தத்துக்கு முன்னால் ஒருமுறை என் கணவரோடு அலெப்போவுக்குப் போனது. அந்தச் சாலையில் இப்போது எத்தனை சாவடிகள், யார் நிற்கிறார்கள், அடையாள அட்டையில் எங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்தால் என்ன கேட்பார்கள் என்பதெல்லாம் மனதில் ஓடியது. தளத்தின் வேலி திரும்பிப் பார்த்தால் தெரியாத தூரத்துக்கு வசந்த காலத்துக்குப் பிறகு நான் போனதே இல்லை. சந்தைக்குக்கூட என் கணவரைத்தான் அனுப்பினேன்.

"என்ன, வருவீங்களா?" என்றாள்.

அவள் முகம் இன்னும் வெளுத்துத்தான் இருந்தது. அந்தச் சத்தம் கிளம்பும் இடத்துக்கே வந்து மகனுக்குப் பெண் கேட்டவள்.

"மலைப்பாதையில வரட்டுமா, பெரிய ரோட்டுல வரட்டுமா?" என்று கேட்டேன்.

"பெரிய ரோட்டுலயே வாங்க. ஜிஸ்ர் ஊருக்கு இந்தப் பக்கம் பாலம் உடைஞ்சிருக்கு, குதைபா அங்க நின்னு கூட்டிட்டு வருவான்" என்றாள். "சாப்பிடாம வாங்க."